ஊதாப் பட்டு

வெள்ளைக் கவுனின் மார்பில் இஸ்திரிப்பெட்டியின் தடம் அப்படியே பழுப்பாக விழுந்துவிட்டது. ராத்திரி முழுக்க ரயிலில் கண் மூடாமல் வந்தவள் துணி தேய்த்தால் வேறென்ன ஆகும்? எர்சீலியாவிடம் இருந்த ஒரே மேடை உடை அது.

இன்றைய ஆட்டத்தைப் பார்க்க ரோமிலிருந்து ஒரு தியேட்டர்காரர் வருகிறார். பிடித்துவிட்டால் குளிர்காலம் முழுக்க அங்கேயே ஆட்டம். ஊர் ஊராக மூட்டை கட்டும் பிழைப்பு அவளுக்கு எப்போதோ அலுத்துவிட்டது. ஒரே கட்டிலில் நாலு மாதம் படுக்க வேண்டும். அவள் ஆசை அவ்வளவுதான்.

விடுதிக்கார அம்மாள் மனமிரங்கித் தன் பட்டுக் கவுனைக் கொடுத்தாள். நல்ல பட்டு. ஆனால் ஊதா.

அதைக் கண்டதும் ஒரெஸ்தே இரும்பைத் தொட்டால் கெட்டது அண்டாது என்று சட்டைப்பையிலிருந்த இரும்புச் சாவியை இறுகப் பிடித்துக்கொண்டான். கம்பெனியின் முதலாளி, கோமாளி, அவள் புருஷன் எல்லாம் அவன்தான். அந்தக் காலத்தில் பாதிரியார்கள் ஊதா உடுத்தும் தவக்காலம் வந்தால் கொட்டகைகளை மூடிவிடுவார்கள், கூத்தாடிகள் பட்டினி. அந்தப் பட்டினி போன பிறகும் ஊதாவின் மேலுள்ள பயம் போகவில்லை.

"அடியே, அதுக்குப் பதிலா கம்பெனிக்கே கொள்ளி வச்சிரு!"

"நீ மேடையில வாங்காத தக்காளியாய்யா? அதெல்லாம் ஊதாவாலயா வந்துச்சு?"

"பாத்ததும் எல்லாரும் ஓடிருவாங்கடி."

"ஓடட்டும். என்னாலதான் ஓட முடியல."

அதையே உடுத்திக்கொண்டு போனாள். வாத்தியக்காரர்கள் அவளைப் பார்க்காமலே வாசித்தார்கள். குலுக்கவும் கண்ணடிக்கவும் தெம்பில்லாமல், நின்ற இடத்திலேயே பாடினாள். கொட்டகை கப்சிப். முடித்ததும் கைதட்டல் அடங்கவே இல்லை.

தியேட்டர்காரர் உள்ளே வந்தார். "நீங்க ஒருத்தர் வந்தா போதும்மா. இவரு காமெடியெல்லாம் ரோம்ல எடுபடாது." ஒரெஸ்தே பக்கத்திலேயே, முகப்பூச்சைக்கூடத் துடைக்காமல் நின்றிருந்தான்.

மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அந்தக் கட்டில் நினைவுக்கு வந்தது. வாய் தானாக மூடிக்கொண்டது.

அவள் முதுகுக் கொக்கிகளை ஒரெஸ்தேதான் கழற்றிவிட்டான். "சொன்னேன்ல" என்றான். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

காலையில் ஸ்டேஷனில் அந்தச் சாவியை அவள் கையில் திணித்தான்.

"வச்சுக்க. ரோம்ல எவ எந்தக் கலர்ல நிப்பாளோ."

"உனக்கு?"

"எனக்கு எதுக்கு இனிமே? வர்றதுதான் வந்துருச்சே."

ரோம் வண்டியில் கூட்டமே இல்லை. பலகையில் காலை நீட்டிப் படுத்தாள். தூக்கம்தான் வரவில்லை.