நிதானத்துக்கு நான்கு சாவிகள்

1

இந்தக் கதை என்னுடையதில்லை, அக்காவிடமிருந்து எடுத்தது. எடுத்தது என்பதே கொஞ்சம் மரியாதையான சொல். போன மாதம் அவள் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தோம். வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தவள், "அன்னைக்கு ஒரு நாள் பெரிய தப்பு பண்ணத் தெரிஞ்சேன்டா" என்று ஆரம்பித்துப் பத்து நிமிடத்தில் சொல்லி முடித்தாள். நான் தலையணை உறையைப் பாதி மடிப்பில் விட்டுவிட்டுக் கேட்டேன். வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். அனுமதி பிறகுதான் கேட்டேன்.

"எழுது. ஆனா எனக்குக் காட்டாம எங்கயும் அனுப்பாத" என்றாள்.

ஆகவே இது உங்கள் கையில் இருக்கிறதென்றால், அவள் வாசித்துவிட்டாள் என்று அர்த்தம். அவள் அடித்த இடங்களை நான் மறைக்கவில்லை.

முதல் தொடக்கம்: "வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவள் விரல்கள் விசைப்பலகையின் மேல்—"

(அக்கா: "மழை எங்க பெஞ்சுது? ஏசியிலேர்ந்து தண்ணி சொட்டுச்சு. கீழ பக்கெட் வெச்சிருந்தோம்.")

இரண்டாம் தொடக்கம்: "ஒரே ஒரு பொத்தான் அறுநூறு உயிர்களை—"

(அக்கா: "யாரும் செத்திருக்க மாட்டாங்க. அப்படியெல்லாம் எழுதி என் வேலையை சினிமா ஆக்காத.")

சரி. நடந்ததை நடந்தபடி.

2

அக்கா வேலை பார்ப்பது பதினான்கு பேர் கொண்ட ஒரு சின்னக் கம்பெனியில். டயாலிசிஸ் மையங்களுக்கு மென்பொருள் செய்கிறார்கள். எந்த நோயாளி எந்த நாற்காலியில், எத்தனை மணிக்கு, வந்தபோது எடை என்ன, உடம்பிலிருந்து எவ்வளவு நீர் இறக்க வேண்டும், காலையில் டாக்டர் மாற்றிய மருந்து எது என்பதெல்லாம் நர்ஸுக்கு எதிரே ஒரு திரையில் தெரியும். ஒன்பது மையங்கள், அறுநூற்றுச் சொச்சம் நோயாளிகள்.

அந்த மென்பொருளில் ஒரு வரியை மாற்றினால்கூட, அதைக் கையில் தூக்கிக்கொண்டு போய் மையத்தில் வைத்துவிட முடியாது. கட்ட வேண்டும், சோதிக்க வேண்டும், பிறகு அனுப்ப வேண்டும். ஒவ்வொரு முறையும் மனிதர் செய்தால் என்றைக்காவது ஏதாவது விட்டுப்போகும் என்பதால், எல்லாம் தானாக வரிசைப்படி நடக்குமாறு அமைத்துவிடுவார்கள். அதற்கு பைப்லைன் என்று பெயர். அந்த வரிசையில் எடுபிடி வேலைகள் நிறைய. பதிப்புக்கு எண் போட வேண்டும், பழைய பிரதியைப் பத்திரப்படுத்த வேண்டும், எதையாவது அழிக்கும் முன் ஒரு தடவை கேட்டுக்கொள்ள வேண்டும். இவற்றையெல்லாம் முகம் தெரியாத யாரோ ஒருவர் எழுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று இணையத்தில் வைத்திருப்பார். அப்படிப்பட்ட மூட்டைக்கு லைப்ரரி என்று பெயர்.* அக்காவின் கம்பெனி எடுத்துக்கொண்டதன் பெயர் 'நிதானம்'.

* நூலகம் என்றுதான் எழுதியிருந்தேன். அக்கா அடித்துவிட்டு ஓரத்தில் எழுதியிருக்கிறாள்: "புக் எடுக்கப் போறாங்கன்னு நினைப்பாங்க."

3

அன்று மத்தியானம் மூன்று மணி. அக்காவுக்குப் பசி. சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

அவர்களுக்கு இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று சோதனை இடம். அதில் பொய் நோயாளிகள், பொய் எடைகள். இன்னொன்று நிஜ இடம். சோதனை இடத்தைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் புதிய பொய் நோயாளிகளை நிரப்ப வேண்டும். வாரம் ஒருமுறை செய்கிற வேலை. காலையில் ஒரு அவசரத் திருத்தத்துக்காக அவள் நிஜ இடத்துக்குள் போயிருந்தாள். வெளியே வர மறந்துவிட்டாள். துடை என்று கட்டளை கொடுத்தாள்.

திரையில் வந்தது இது. அக்கா எனக்கு அப்படியே எடுத்து அனுப்பியிருக்கிறாள்:

"கொஞ்சம் நில்லுங்க. நீங்க துடைக்கப்போற இடத்துல கடைசி ஒரு மணி நேரத்துல 212 மாற்றம் நடந்திருக்கு. சோதனை இடம் இவ்வளவு பரபரப்பா இருக்காது. உறுதின்னா, இடத்தோட பேரை முழுசா டைப் பண்ணுங்க."

இந்தக் கேள்வி அவளுக்குப் புதிதில்லை. எப்போதாவது வரும், எரிச்சல் வரும், பெயரைத் தட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள். விரல் பழக்கத்தில் தட்ட ஆரம்பித்தாள். சோதனை இடத்தின் பெயர்தான் விரலுக்குத் தெரியும். அதை முழுசாக அடித்து முடித்தாள். பெயர் பொருந்தவில்லை என்றது. மறுபடியும் அடித்தாள். பொருந்தவில்லை. சலித்துக்கொண்டு, அது கேட்கிற பெயர்தான் என்னவென்று மேலே பார்த்தாள். நிஜ இடத்தின் பெயர் இருந்தது.

கையை மடியில் வைத்துக்கொண்டாள். நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். பக்கெட்டில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் அப்போதுதான் அவளுக்குக் கேட்டது.

(இங்கே நான் ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அவள் மனதில் ஓடியவை, குழந்தை முகம், அப்பா முகம். "எதுவும் ஓடலை. காது அடைச்சுது, அவ்வளவுதான்." பக்கம் போயிற்று.)

அழிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? முந்தைய நாளின் பிரதி இருக்கிறது. அன்றைய காலைக்கணக்கு மட்டும் போயிருக்கும். நோயாளிகள் நாற்காலியில் இருக்கும்போதே ஒன்பது மையங்களிலும் திரை வெறுமையாகும். யாருக்கு எவ்வளவு நீர் இறக்கச் சொன்னார்கள், யாருக்கு மருந்து மாறியது என்று நர்ஸுகள் ஞாபகத்திலிருந்து எழுத வேண்டும். ஞாபகம் தப்பலாம். அவ்வளவுதான். அவ்வளவும்.

4

யாரும் பார்க்கவில்லை. சொல்லாமல் விட்டிருக்கலாம். (நானாக இருந்தால் விட்டிருப்பேன். இதை அக்காவும் அடிக்கவில்லை.) அவள் எழுந்து போய் மேனேஜரிடம் சொன்னாள்.

மேனேஜர் முழுசையும் கேட்டார். பிறகு, "எது நிறுத்துச்சு?" என்று கேட்டார்.

"நிதானம்னு ஒண்ணு இருக்கு சார், அதுதான்."

"யார் போட்டது அதை?"

பதினான்கு பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஆறு வருடத்துக்கு முன் வேலையை விட்டுப்போன யாரோ சேர்த்தது. அதற்குள் என்ன இருக்கிறது என்று ஒருவரும் திறந்து பார்த்ததில்லை. அக்கா திறந்தாள். அந்தக் கேள்வியைக் கேட்கிற பகுதி நாற்பது வரிகூட இல்லை. அதன் தலைமாட்டில், எழுதியவர் விட்டுவைத்த குறிப்பு:

"இது எதுக்குன்னு கேக்கறவங்களுக்கு: ஒருநாள் நான் கேக்காம அழிச்சேன். ஒரு பள்ளிக்கூடத்தோட மூணு வருஷ மார்க் போச்சு. பிள்ளைங்க திரும்பப் பரீட்சை எழுதினாங்க. நீங்க அந்தப் பிள்ளைங்க முகத்தைப் பாக்க வேண்டாம்."

கீழே கையெழுத்தாக ஒரு புனைபெயர்: ஓட்டைக்குடை.

அக்கா அந்த லைப்ரரியின் பக்கத்துக்குப் போனாள். நன்றி சொல்லலாம் என்று. பக்கத்தின் உச்சியில் அறிவிப்பு தொங்கியது: "இந்த மாசக் கடைசியோட மூடறேன். முடியலை. யாரும் கெஞ்ச வேண்டாம்." அதன் கீழே எண்பத்தேழு புகார்கள். எப்போது சரி செய்வீர்கள், எங்கள் ஆபீஸே நின்றுபோய்விட்டது. இதெல்லாம் ஒரு லைப்ரரியா. சும்மா சும்மா கேள்வி கேட்டுக் கழுத்தறுக்கிறது.

ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே இறங்கினாள். அறுபத்து மூன்றாவது புகார்: "தேவையில்லாத கேள்வி. இதை அணைத்துவைக்க ஒரு வழி வேண்டும்." அதற்கு ஓட்டைக்குடையின் பதில்: "வைக்க மாட்டேன். மன்னிக்கவும்." அந்தப் பதிலுக்குக் கீழே யாரோ தலைகீழாகக் கட்டைவிரலைக் காட்டியிருந்தார்கள்.

புகார் கொடுத்தது அக்கா. இரண்டு வருடத்துக்கு முன். கட்டைவிரலும் அவளுடையதுதான்.

5

அவள் எழுதிய கடிதத்தின் கைவிட்ட வரிகள். (கேட்டு வாங்கினேன்.)

"மதிப்பிற்குரிய ஐயா, தங்களின் மகத்தான—"

"நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது, ஆனா இன்னைக்கு—"

"ஸாரி. நான்தான் அந்த—"

கடைசியில் அனுப்பியது நாலே வரி. இன்று மத்தியானம் உங்கள் கேள்வி என்னை நிறுத்தியது. மறுமுனையில் டயாலிசிஸ் நோயாளிகள் இருந்தார்கள். அவர்களுக்கு எதுவும் தெரியாது, எல்லாரும் நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்தார்கள். நன்றி.

நாலு நாள் பதில் இல்லை.

இந்த இடத்தில் நான் ஒரு பெரிய தப்பு செய்தேன். ஓட்டைக்குடையைத் தாடி வைத்த, தனியாக வாழ்கிற, அறுபது வயது ஆணாக எழுதினேன். பிறகு, கதைக்குக் கனம் வரட்டும் என்று அவரைக் கொன்றேன். அக்காவின் நன்றி அவர் இறந்த மறுநாள் போய்ச் சேர்ந்ததாக வைத்தேன். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது.

அக்கா அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு போன் செய்தாள். "அவங்க நேத்துகூட என்கிட்ட சண்டை போட்டாங்கடா. நீ பாட்டுக்குக் கொன்னு வெச்சிருக்க."

அவங்க. பெண். ஐந்தாம் நாள் பதில் வந்திருக்கிறது: "இது கிண்டல் இல்லையே? நன்றின்னு இதுவரைக்கும் யாரும் எழுதினதில்லை, அதான்." கூடவே ஒரு போன் நம்பர்.

அந்த முதல் அழைப்பை அக்கா எனக்கு நடித்தே காட்டினாள். மறுமுனையில் வாஷிங் மெஷின் கடகடவென்று ஓடுகிற சத்தம். கரகரத்த குரல், என் அக்கா வயதுதான் இருக்கும். பால் பாக்கெட் போடுகிற ஒரு ஆலையில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவர். வீட்டில் இரட்டைக் குழந்தைகள்.

"சந்தோஷம்ங்க" என்றாராம் ஓட்டைக்குடை. "மூணு தடவை படிச்சேன். வீட்டுக்காரர்கிட்ட படிச்சுக் காட்டினேன். ஆனா எனக்கு நன்றி பத்தாது. ஆள் வேணும். எண்பத்தேழு அப்படியே கெடக்கு."

"அதுல ஒண்ணு நான் போட்டதுங்க."

"எது?"

"கேள்வியை அணைக்கணும்னு."

மறுமுனையில் வாஷிங் மெஷினை நிறுத்துகிற சத்தம்.

"ஓ. அந்தக் கட்டைவிரல் நீங்கதானா?" என்று கேட்டுவிட்டு அவர் சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்தவே இல்லையாம். அக்காவுக்கு முதலில் வெட்கம், பிறகு அவளும் சிரித்திருக்கிறாள், சிரித்துக்கொண்டே அழுதிருக்கிறாள். ("அழுததைப் போட வேண்டாம்" என்று ஓரத்தில் எழுதியிருக்கிறாள். அக்கா, இது ஒன்று மட்டும் இருக்கட்டும்.)

6

புதன்கிழமை மத்தியானங்களில் இரண்டு மணி நேரம் வேண்டும் என்று அக்கா மேனேஜரிடம் கேட்டாள்.

"நம்ம வேலையை விட்டுட்டு ஊரான் வேலையைப் பாக்கணுங்கறீங்களா?"

"ஆறு வருஷமா அந்த ஊரான்தான் சார் நம்ம வேலையைப் பாத்துட்டு இருந்தது."

அவர் பேனாவை மூடித் திறந்து மூடினார். "ரெண்டு மணி நேரம்தான்" என்றார். அடுத்த புதன்கிழமை அவரும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். மனிதர் ஒருகாலத்தில் நல்ல புரோகிராம் எழுதியவராம்.

அக்கா முதலில் தீர்ந்ததென்று மூடியது அறுபத்து மூன்றாவது புகாரை. "இதை எழுதியது நான். கேள்வி தேவைதான். மூடுகிறேன்." மாதம் முடிவதற்குள் முப்பத்தொன்று மூடியாகிவிட்டது. சண்டைகளுக்கும் குறைவில்லை. ஓட்டைக்குடை லேசில் எதையும் ஒத்துக்கொள்ளமாட்டார். ஒரு காற்புள்ளிக்கு முக்கால் மணி நேரம் வாதாடுவார். அக்காவுக்கு அது பிடித்திருந்தது.

மாதக் கடைசியும் வந்தது. அறிவிப்பை ஓட்டைக்குடை எடுத்துவிட்டார். இடத்தில் வேறொன்று வைத்தார்: "மூடலை. ஆனா ஒருத்தர் கையில இருந்தா அவர் களைச்சா எல்லாம் போச்சு. இனிமே நாலு சாவி." சாவி என்பது நிதானத்தின் பெயரில் புதிய பதிப்பை வெளியிடும் உரிமை. ஒன்று அவரிடம். ஒன்று அக்காவிடம். மூன்றாவது, ஒரு பஸ் கம்பெனியில் வேலை பார்ப்பவரிடம். யாரும் அவரைப் பார்த்ததில்லை, எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்திவிட்டுப் போய்விடுவார். நாலாவது இன்னும் யாரிடமும் இல்லை.

இங்கே முடித்திருக்கலாம். நாலாவது சாவிக்கு ஆள் தேடித் தவித்தேன்.

(அ) ஆறு வருடத்துக்கு முன் வேலையை விட்டுப்போன அந்த யாரோ திரும்பி வந்து—

(ஆ) அந்தப் பள்ளிக்கூடத்தில் மறுபடி பரீட்சை எழுதிய பிள்ளைகளில் ஒருத்தி வளர்ந்து—

"ஆ ரொம்ப நல்லா இருக்கு" என்று எழுதியிருக்கிறாள் அக்கா. "அதனாலதான் வேண்டாம்."

7

போன வியாழக்கிழமை ஒரு மையத்தில் திரை மங்கிவிட்டதென்று பார்க்கப் போனாள். இத்தனை வருடத்தில் மையத்துக்குள் அவள் கால் வைப்பது இதுதான் முதல் தடவை. நீளமான அறை, பன்னிரண்டு நாற்காலிகள், எல்லாவற்றிலும் ஆட்கள். சிலர் தூக்கம், ஒரு அம்மாள் போனில் மருமகளோடு வம்பு. ஆறாவது நாற்காலியில் ஒரு பெரியவர், கையில் இரண்டு குழாய்கள், நெஞ்சின் மேல் பாதி மடித்த செய்தித்தாள். அக்கா அவர் தலைக்கு மேலிருந்த திரையின் கேபிளைக் கழற்றி மாட்டினாள். எண்கள் பளிச்சென்று வந்தன.

பெரியவர் கண்ணைத் திறந்தார். "இதெல்லாம் நீங்க செய்யறதாம்மா? நர்ஸம்மா சொன்னாங்க."

"கொஞ்சம்தான்."

"எனக்கு எவ்வளவு இறக்கணும்னு நாலு வருஷமா ஒரு நாள்கூட தப்பா வந்ததில்லை. ரொம்ப நன்றிம்மா."

அக்காவுக்கு ஓட்டைக்குடையைப் பற்றிச் சொல்ல வேண்டும்போல் இருந்ததாம். பஸ் கம்பெனிக்காரரை, மேனேஜரை, நிதானத்தைச் சேர்த்துவிட்டுப் பேர் தெரியாமல் போய்விட்ட அந்த ஆளை, அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை. அந்த மூன்று மணியையும் சொல்ல வேண்டும்போல் இருந்ததாம். இவ்வளவையும் ஒரு மனிதர் குழாய்களோடு படுத்திருக்கும்போது சொல்வதா?

"நீ என்னதான் சொன்ன?" என்று கேட்டேன். இந்தத் தடவையும் துணிதான் மடித்துக்கொண்டிருந்தோம்.

"நீயா இருந்தா என்ன சொல்லியிருப்ப?" என்று திருப்பிக் கேட்டுவிட்டு அடுத்த துணியை எடுத்தாள்.

மூன்று பதில்கள் எழுதினேன். ஒன்றில் பொய் இருந்தது, இன்னொன்றில் பெருமை இருந்தது, மூன்றாவது அவருக்குப் பயம் கொடுத்திருக்கும். மூன்றையும் அடித்துவிட்டேன். இனி நீங்கள் சொல்லுங்கள். அக்கா கேபிளைப் பிடித்தபடி நிற்கிறாள், பெரியவர் அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அவசரமில்லை; அவருடைய இயந்திரத்தில் இன்னும் நாற்பது நிமிடம் இருக்கிறது.