திராட்சை இலை வெல்வெட்

இராஜபாளையத்தில் ஜெயபாய் திராட்சை இலை செதுக்கிய மர அச்சின்மேல் வெல்வெட்டைக் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கம் தண்ணீர் தெளித்து, இஸ்திரிப் பெட்டியை அழுத்துவாள். பொசுபொசுப்பு அமுங்கிய இடத்தில் அந்த இலை மின்னும். நிறையத் துணியைப் பாழாக்கிக் கற்ற அந்த வேலையைத் தோழி ஞானபாக்கியத்துக்கு மட்டும்தான் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, மணப்பெண்ணின் ரவிக்கையில் அதே இலை இருந்தது.

"நம்ம ஞானபாக்கியமே கண்டுபிடிச்ச வேலையாம்," என்றாள் பெண்ணின் தாய்.

பக்கத்தில் நின்ற ஞானபாக்கியம் ஜெயபாயைக் கண்டு தடுமாறினாள். பிறகு சிரித்துக்கொண்டே, "இவளுக்கும் நாந்தான் பழக்கிவிட்டேன்," என்றாள்.

கல்யாண வீட்டில் சண்டை வேண்டாமென்று ஜெயபாய் அங்கிருந்து நகர்ந்தாள். ஞானபாக்கியம் சாப்பிடக் கூப்பிட்டபோது மட்டும், "இனிமே எங்க வீட்டு வாசல மிதிச்சிராத," என்று மெல்லச் சொல்லிவிட்டு, பந்தியில் உட்காராமலே பஸ் ஏறினாள்.