நாலு துண்டுத் தூண்டில்கோல்

வெர்லின் ஸ்டில்ட்னருக்கு மாற்று நுரையீரல் வேண்டுமானால், பெரிய ஆஸ்பத்திரி இருக்கும் நகரத்திலேயே போய்க் குடியிருந்தாக வேண்டும். இருபத்தாறு வருஷம் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவன். நெஞ்சு முழுக்கக் கரித்தூள். காத்திருப்போர் பட்டியலில் அவன் பெயரைச் சேர்ப்பார்களா என்று தெரியும் முன்பே அவன் மனைவி ரீபா மூட்டை கட்டிவிட்டாள். துணிமணி, ஆக்சிஜன் சிலிண்டர்கள் போகக் காரில் ஒரு சாண் இடம் மிச்சமில்லை. இந்த லட்சணத்தில் அவனுக்குப் புதுத் தூண்டில்கோல் வேண்டுமாம்.

“நெஞ்சக் கிழிக்கப் போற எடத்துல மீன் கேக்குதா ஒனக்கு?”

“கிழிக்கிற வரைக்கும் சுவத்தப் பாத்துக்கிட்டா ஒக்காந்திருக்க முடியும்?”

ரீபாவின் அண்ணன் ஹார்லிஸ்தான் ஊரில் தூண்டில் கடை வைத்திருந்தான். மைத்துனனைப் பார்த்ததும் ஏழு துண்டாகப் பிரியும் கோல் ஒன்றை எடுத்துப் போட்டான்.

“கைப்பைக்குள்ளயே அடங்கிரும் மச்சான்.”

வெர்லின் ஒவ்வொரு துண்டாகச் செருகினான். நாலாவது மூட்டிலேயே மூச்சு வாங்கியது. “இத மாட்டி முடிக்கிறதுக்குள்ள மீனுக்குப் பேரப்புள்ள பொறந்துரும்டா.”

“அப்ப நாலு துண்டு பாரு. எந்த மீனுக்கு, ட்ரவுட்டுக்கா, பாஸுக்கா?”

“ரெண்டுக்கும்.”

“ரெண்டுக்கும்னா ஒண்ணுக்கும் ஒழுங்கா வராது. ட்ரவுட் தொட்டாலே நுனி வளையணும். பாஸு பாசிக்குள்ள பூந்துச்சுன்னா இழுக்க அடியில பலம் வேணும்.”

“ஒண்ணு வைக்கத்தான் எடம். ஒன் தங்கச்சியக் கேளு.”

கடைசியில் ஆறரை அடிக் கோல் ஒன்று அகப்பட்டது. நுனி இளசு, அடி முரடு. வெர்லின் அதை மாட்டி, தூண்டில் நரம்பு ஓடும் வளையங்கள் நேர்கோட்டில் நிற்கின்றனவா என்று ஒற்றைக் கண்ணால் பார்த்தான். மூட்டுகள் ஆடுகின்றனவா என்று உதறிப் பார்த்தான். பிறகு வீசிப் பார்க்கிறேன் என்று சிலிண்டரை இழுத்துக்கொண்டு வெளியே போனான்.

அப்போதுதான் கடைக்குள் நின்ற ரீபாவின் போன் அடித்தது. ஆஸ்பத்திரிப் பெண். மிகவும் தன்மையாகப் பேசினாள். வெர்லினின் இதயம் அறுவைச் சிகிச்சையைத் தாங்காது என்று டாக்டர்கள் குழு முடிவு செய்துவிட்டதாம். பட்டியலில் பெயர் இல்லை. ரீபா நன்றி சொல்லிப் போனை வைத்தாள். ஏன் நன்றி சொன்னோம் என்று அவளுக்கே விளங்கவில்லை.

கடைக் கண்ணாடிக்கு அப்பால் வெர்லின் வண்டிகளுக்கு நடுவே ஈயக்குண்டை வீசிக்கொண்டிருந்தான். இரண்டு வீச்சு, பிறகு குனிந்து மூச்சு. மறுபடி ஒரு வீச்சு. அவள் வெளியே போனாள்.

“வேணாம்னுட்டாங்க, வெர்லின். ஒன் இதயம் தாங்காதாம்.”

அவன் நரம்பை முழுக்கச் சுற்றி முடித்தான். கோலைத் துண்டு துண்டாகக் கழற்றி, உள்ளே போய் மேஜைமேல் வைத்தான்.

“எடுத்து வச்சுக்க மச்சான். வீட்டுப் பின்னால இருக்குற ஓடைக்குப் பழைய கோலே போதும்.”

ஹார்லிஸ் தங்கையைப் பார்த்தான். ரீபாவுக்கு எங்கிருந்தோ கோபம் பொங்கிக்கொண்டு வந்தது.

“உறையில போட்டுக் குடுண்ணே.”

“எதுக்கு? எங்க போறதுக்கு?” என்றான் வெர்லின்.

“எங்கயாச்சும். கட்டுன மூட்டைய நான் பிரிக்க மாட்டேன்.”

டென்னசி மாநிலத்துக்கு மீன் பிடிக்கப் போனார்கள். முதல் இரண்டு நாள் குளத்தில் பாஸ் ஒன்றுகூடச் சிக்கவில்லை. மூன்றாம் நாள் அணைக்குக் கீழே, குளிர்ந்த தண்ணீரில், மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஒரு ட்ரவுட்டைப் பிடித்தான். கரைக்கு இழுக்கத் தெம்பில்லாமல் கோலை அவளிடம் நீட்டினான். நாலாம் நாள் கையே தூக்க வரவில்லை.

“நீ வீசு.”

அவள் வீசியது மரக்கிளையில் போய் மாட்டியது. அவன் சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமலில் கரி கரியாக வந்தது. அன்றைக்கே ஊர் திரும்பினார்கள்.

திரும்பி வந்த பத்தொன்பதாம் நாள் காலை, வீட்டில், அவன் போய்விட்டான்.

படுத்தால் மூச்சு முட்டும் என்று ஒரு வருஷமாக நாற்காலியில் சாய்ந்தே தூங்கியவன் அவன். சவப்பெட்டியில் அவனை மட்டமாக, மல்லாக்கப் படுக்க வைத்திருந்ததைப் பார்த்ததும் ரீபாவுக்குத் தாங்கவில்லை. இறுதிச் சடங்குக்காரரின் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“தலைக்கு இன்னும் ரெண்டு தலகாணி வைங்க சார்,” என்றாள். “இப்படிப் படுத்தா அவரால முடியாது.”