வாளியில் இருந்த நீலம்

மீனுக்குச் சாயம் ஊற்றுவதுதான் என் வேலை. சிரிக்காதீர்கள். சீருடை, கழுத்தில் அட்டை எல்லாம் உண்டு. படகுகள் இறக்கும் பொடிமீனை மீன்தூள் ஆலை மொத்தமாக வாங்கும். தூள் கப்பலேறிப் போய், எங்கோ பண்ணையில் வளரும் பெரிய மீன்களுக்குத் தீனியாகும். நடுவில் யாரும் அள்ளிக்கொண்டுபோய்ச் சந்தையில் விற்றுவிடக் கூடாதே, அதற்குத்தான் இந்த நீலச் சாயம்.

கெட்டுப்போன மீனில் மட்டும்தான் ஊற்ற வேண்டும் என்பது விதி. அன்று வந்த மத்தி விறைப்பாக, கண் பளபளவென்று, அவ்வளவு புதிதாக இருந்தது. ஆனால் ஆலைக்கு லோடு குறைந்திருந்தது. மேலாளர் ஒரு பார்வை பார்த்தார். நான் 'உண்ணத் தகாதது' என்று எழுதிவிட்டு வாளியைத் தூக்கினேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் மீன் விற்கும் கூடைக்காரிகள் நின்றார்கள். அவர்களில் என் அக்காவும் ஒருத்தி. ஆலை வந்ததிலிருந்து பாதி நாள் அவள் கூடை காலி.

"தம்பி, ஒரு கூடையாவது விடுடா. வீட்டுல சமைக்க ஒண்ணுமே இல்ல."

"போக்கா, என் வேலைக்கு உலை வைக்காத."

அவள் முகத்தைப் பார்க்காமலே ஊற்றினேன்.

மதியம் ஷிஃப்ட் முடிந்ததும் மனசு கேட்கவில்லை. பெரிய மனுஷன் மாதிரி ஒரு பிஸ்கட் பாக்கெட்டோடு அவள் வீட்டுக்குப் போனேன். அக்கா கோபித்துக்கொள்ளவே இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"நல்ல நேரத்துக்கு வந்த, உக்காரு" என்று பொரித்த மத்தி இரண்டை என் தட்டில் வைத்தாள். பிள்ளைகள் இருவரும் தங்கள் தட்டை ஏற்கெனவே பாதி காலி செய்திருந்தார்கள். மீனில் தோலே இல்லை. மத்தியைத் தோல் உரித்துப் பொரிப்பவர்கள் யார்? அக்காவின் கையைப் பார்த்தேன். நகக்கண்ணில் நீலம். என் நகக்கண்ணிலும் அதே நீலம்.

"சாப்பிடாதீங்க!" என்று கத்தி, பிள்ளைகளின் தட்டைப் பிடித்து இழுத்தேன்.

"நாலு தடவை கழுவியாச்சு மாமா," என்றாள் சின்னவள். "லாரி திரும்பறப்போ கீழ விழுமே, அதுதான். எப்பவும் அதத்தானே சாப்பிடறோம்."

"சும்மா இருடி," என்றாள் அக்கா. பிறகு தயங்கித் தயங்கி என்னிடம் கேட்டாள். "ஏன்டா, அது விஷமா?"

எட்டு வருஷமாக ஊற்றுகிறேன். அந்த வாளியில் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் யாரையும் கேட்டதில்லை.

"தெரியலக்கா."

அவள் எல்லாத் தட்டையும் எடுத்துப்போய்க் குப்பையில் கொட்டினாள். திரும்பி வந்து என் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துப் பிள்ளைகளுக்குப் பங்கு வைத்தாள்.

"நீயும் சாப்பிடாமத்தானே வந்திருப்ப," என்று எனக்கும் ஒரு பங்கு வைத்தாள்.