வெள்ளிக்கிழமைக் கையெழுத்து

சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் ஐந்து வருடத்தில் எப்படி இருக்கிறார்கள், யாருக்கு என்ன சிக்கல் வருகிறது என்று எங்கள் மருத்துவமனையில் ஓர் ஆய்வு நடக்கிறது. மொத்தம் இருநூற்றுப் பதினெட்டுப் பேர். அவர்களைக் கேட்டுக் கேள்வித்தாளை நிரப்புகிற நர்ஸ் நான். காய்ச்சல் வந்ததா, சிறுநீர் கழிக்கும்போது எரிச்சலா, கால் வீங்குகிறதா, மாத்திரை தவறியதா. கேட்டுக் கேட்டுப் பழகி, வீட்டில் என் கணவர் தும்மினால்கூட "எத்தனை நாளா?" என்று வாயில் வந்துவிடுகிறது.

அந்த இருநூற்றுப் பதினெட்டில் ஒருவர் பேக்கரியில் கேக் மாஸ்டர். நாற்பத்திரண்டு வயது. கேக் செய்வதைவிட அதன் மேல் எழுதுவதில்தான் பேர் வாங்கியவர். தாளைக் கூம்பாகச் சுருட்டி, க்ரீமை நிரப்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதினால் எழுத்து முத்து முத்தாக விழும்.

அவருக்குச் சிறுநீரகம் கொடுத்தது அவருடைய அக்கா. பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவர். ஹாரன் தேவைப்படாத குரல். தம்பியோடு வரும்போதெல்லாம் வாசலிலிருந்தே கேட்பார்: "எம் பொண்ண ஒழுங்கா வச்சிருக்கானா சிஸ்டர்?" தன் சிறுநீரகத்தைத்தான் கட்டிக்கொடுத்த மகள் மாதிரி அப்படிச் சொல்வார்.

"நல்லா வச்சிருக்கேன், போதுமா? சம்பந்தியம்மா மாதிரி வந்து நிக்காத," என்பார் தம்பி.

இரண்டாவது வருடத்தில்தான் எனக்கு உறுத்த ஆரம்பித்தது. மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்கக் காலையும் மாலையும் ஒரு மாத்திரை உண்டு. முந்தின நாள் போட்டது ரத்தத்தில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று, காலை மாத்திரைக்கு முன்னாலேயே ரத்தம் எடுத்து அவ்வப்போது பார்ப்போம். ஐந்துக்குக் குறையக்கூடாது. இவருக்கு ஒருமுறை ஏழு, அடுத்த முறை மூன்று, திரும்ப ஏழு, திரும்ப மூன்று. "மாத்திரை தவறியதா?" என்ற கேள்விக்கு மட்டும் எப்போதும் "இல்லை".

ஒருநாள் மதியம் அவருடைய தாள்களையெல்லாம் மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தேன். எங்கள் பிரிவு நடப்பது செவ்வாயும் வெள்ளியும். செவ்வாய்க்கிழமை வந்தால் ஏழு. வெள்ளிக்கிழமை வந்தால் மூன்று. அப்புறம்தான் ஒவ்வொரு தாளின் அடியிலும் அவர் போட்டிருந்த கையெழுத்துகள் கண்ணில் பட்டன. செவ்வாய்க்கிழமைக் கையெழுத்து எறும்பு மையில் விழுந்து ஓடின மாதிரி கோணல்மாணல். வெள்ளிக்கிழமைக் கையெழுத்து அச்சில் வார்த்த மாதிரி.

பேக்கரிக்குத் திங்கட்கிழமை விடுமுறை.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் வந்ததும், தாளை எடுக்காமல், "மாஸ்டர், உங்க கையைக் கொஞ்சம் நீட்டுங்க," என்றேன். நீட்டினார். ஆடவே இல்லை.

"காலை மாத்திரை?"

"ரத்தம் கொடுத்துட்டு வீட்டுக்குப் போய்ப் போட்டுக்குவேன் சிஸ்டர்."

"வீட்டுக்குப் போவீங்களா, கடைக்குப் போவீங்களா?"

அவர் என் மேசை மேலிருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி மாட்டினார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அதைப் போட்டா ரெண்டு மணி நேரத்துல கை டைப் அடிக்க ஆரம்பிச்சிடுது. ஒரு சின்னப் பொண்ணோட முதல் பிறந்தநாள். அவ பேரை எழுதினேன். அவங்கப்பா பாத்துட்டு, 'என்ன மாஸ்டர், பஸ்ல போயிக்கிட்டே எழுதினீங்களா?'ன்னு கேட்டாரு. சிரிச்சுக்கிட்டுதான் கேட்டாரு. ஆனா எனக்கு அன்னிக்குச் சோறே இறங்கல. அதுலேருந்து கடை இருக்கற நாள்ல காலை மாத்திரை போடறதில்ல."

"எட்டு மாசமா நான் கேட்டுக்கிட்டே இருக்கேனே, தவறிச்சான்னு!"

"தவறலையே சிஸ்டர். தெரிஞ்சுதானே விட்டேன்."

அவர் பொய் சொல்லவில்லை. கேள்விதான் சரியில்லை.

"டாக்டர்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"அக்கா தன் உடம்பை அறுத்துக் கொடுத்திருக்கா. வயித்துல அதை வச்சுக்கிட்டுக் கை ஆடுதுன்னு குறை சொல்றதா? தானமா வந்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்கற மாதிரி இல்ல? தயவுசெஞ்சு அவகிட்ட சொல்லிடாதீங்க."

ஆனால் அன்றைய ரத்தப் பரிசோதனையே சொல்லிவிட்டது. கிரியாட்டினின் ஏற ஏறச் சிறுநீரகம் சோர்கிறது என்று அர்த்தம்; ஒன்று புள்ளி ஒன்றில் இருந்த அது ஒன்று புள்ளி ஒன்பதுக்கு ஏறியிருந்தது. சிறுநீரகத்தில் ஊசி விட்டுத் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். உடம்பு அதைத் தள்ள ஆரம்பித்திருந்தது. உடனே வார்டில் சேர்த்து, நரம்பு வழியாக மூன்று நாள் மருந்து ஏற்ற வேண்டும் என்றார் டாக்டரம்மா.

இரண்டாம் நாள் நான் வார்டுக்குப் போனபோது அக்கா கட்டிலோரத்தில் உட்கார்ந்திருந்தார். தம்பி எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தார் போல. அந்தக் குரலை நான் அவ்வளவு தாழ்ந்து கேட்டதே இல்லை.

"எதுக்குடா உனக்குக் கிட்னி கொடுத்தேன்? பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கறதுக்கா? எங்கிட்ட வந்து புலம்பறதுக்கும் சேர்த்துத்தான்டா கொடுத்தேன்."

தம்பி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மருந்து ஏறாத கை போர்வை மேல் நடுங்கிக்கொண்டிருந்தது. அக்கா அதை எடுத்துத் தன் மடியில் வைத்து, இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டார்.

"எம் பொண்ணு போனாப் போகட்டும். எனக்கு நீ வேணும்," என்றார்.

சுவரைப் பார்த்தபடியே தம்பி கேட்டார்: "நீ மட்டும் எல்லாத்தையும் சொல்லிட்டியா? கிளட்சை மிதிக்கும்போது தையல் போட்ட இடத்தைப் புடிச்சுக்கறியே, நான் பாக்கலைன்னு நினைச்சியா?"

"அது... எப்பவாவது சுருக்குன்னு இழுக்கும். அது ஒரு வலியா?"

"வருஷா வருஷம் செக்கப்புக்கு வரச் சொன்னாங்களே, போனியா?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். கொடுத்தவர்களைப் பற்றி எங்கள் ஆய்வில் ஒரு பக்கம்கூடக் கிடையாது.

மூன்று நாள் மருந்து வேலை செய்தது. கிரியாட்டினின் இறங்கி ஒன்று புள்ளி நான்கில் நின்றது. பழைய இடத்துக்குப் போகவில்லை. "போன கொஞ்சம் போனதுதான். இருக்கறதைக் காப்பாத்திக்குவோம்," என்று டாக்டரம்மா மறைக்காமல் சொன்னார். அதே மருந்து மெதுவாகக் கரைகிற மாத்திரையாக, நாளுக்கு ஒரே வேளை போடுகிற வகையில் இருந்தது. அதற்கு மாற்றினார். நடுக்கம் முழுக்கப் போகவில்லை, பாதியாகக் குறைந்தது. காலையில் மாவு வேலை, கை அடங்கிய பிறகு எழுத்து வேலை என்று மாஸ்டர் கடையில் பேசி மாற்றிக்கொண்டார்.

நான் டாக்டரம்மாவிடம் போய், கேள்வித்தாளை மாற்ற வேண்டும் என்றேன். 'மாத்திரை தவறியதா?' என்பதை எடுத்துவிட்டு, 'இந்த மாத்திரையால் உங்களுக்கு என்ன தொந்தரவு? அதற்காக எப்போதாவது வேண்டுமென்றே விட்டதுண்டா?' என்று போட்டோம். முப்பத்தொரு பேர் "உண்டு" என்றார்கள். முகம் உப்பி, கல்யாணத்தில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை என்று விட்டவர் ஒருவர். வயிற்றுப்போக்குக்குப் பயந்து, நீண்ட பயணம் போகும்போதெல்லாம் விட்டவர் ஒருவர். எல்லோரும் இரண்டு வருடமாக என் எதிரில் உட்கார்ந்து "இல்லை" சொன்னவர்கள்.

அக்காவைச் செக்கப்புக்குத் தம்பிதான் கையைப் பிடித்து அழைத்து வந்தார். ரத்த அழுத்தம் நூற்றைம்பது. "இவன் பண்ண கூத்துல ஏறியிருக்கும்," என்றார் அக்கா. திரும்ப இரண்டு முறை பார்த்தும் இறங்கவில்லை. ஒரு சின்ன மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். மருந்தகம் போகும் வழியெல்லாம் தம்பி அவருக்கு அதை எப்போது போடவேண்டும் என்று பாடம் எடுத்துக்கொண்டே போனார்.

கொடுத்தவர்களுக்கும் தனியாக ஒரு தாள் போட அனுமதி வாங்க நான்கு மாதம் ஆனது. முதல் ஆளாக அக்காவைத்தான் போனில் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. பிள்ளைகளை இறக்கிவிட்டு, நாலரைக்கு அவரே கூப்பிட்டார்.

"வண்டி ஓட்டிக்கிட்டு இருந்தேன் சிஸ்டர். தம்பி நல்லாத்தான இருக்கான்? ஒண்ணும் இல்லையே?"

"அவர் நல்லா இருக்கார். நீங்க எப்படி இருக்கீங்கன்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்."

அந்தப் பக்கம் இருக்கையில் சாய்ந்து உட்காருகிற ஓசை கேட்டது.

"எனக்கா?" என்றார். "இருங்க, வண்டிக் கதவைச் சாத்திட்டு வரேன்."

நாற்பது நிமிடம் பேசினார்.