மேல்பூச்சு

அன்செல்மோவின் நாற்பதாம் நாள் பூசைக்கு வந்தவர்கள் எல்லாரும் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகும் இரண்டு பேர் மட்டும் நின்றார்கள். ஒருவன் டிண்டோ. பிலிப்பைன்ஸின் பாகியோ மலைச்சரிவில் காப்பிக்கடை வைத்திருப்பவன். அந்தக் கடையின் மாடியில்தான் ஞாயிற்றுக்கிழமைதோறும் பலகை விளையாட்டுக் கிளப் கூடும். இன்னொருத்தி மைலீன், கிளப்பிலேயே இளையவள், நர்ஸ் வேலை பார்ப்பவள். தாங்கள் கொண்டுவந்த நூடுல்ஸ் தட்டைக் கழுவி எடுத்துப்போகிற சாக்கில் இருவரும் சமையலறை வாசலை விட்டு நகராமல் இருந்தார்கள்.

அன்செல்மோவின் மனைவி நெனிட்டாவுக்குப் புரிந்துவிட்டது. "பெட்டியக் கேக்க வந்திருக்கீங்க," என்றாள்.

"அப்படியெல்லாம் இல்லக்கா," என்றான் டிண்டோ. "அண்ணன் போயி இன்னும் ஈரம்கூடக் காயல..."

"கேக்கத்தான்க்கா வந்தோம்," என்றாள் மைலீன். "இந்த மனுசன் வழியெல்லாம் நீ கேளு நீ கேளுன்னு என்னையத் தள்ளிக்கிட்டே வந்தாரு."

பெட்டி உள்ளறை மேசைமேல் இருந்தது. கிளப் எல்லாருமாகச் சேர்ந்து வாங்கிய ஒரு கடல் விளையாட்டு. ஒரு கப்பலின் ஆட்கள் ஒருபக்கம், கடலடியிலிருந்து ஏறிவரும் பூதங்கள் மறுபக்கம். உருவங்கள் எல்லாம் விரல்கணு உயரத்தில், சாம்பல் நிறப் பிளாஸ்டிக்கில் வந்திருந்தன. எது சமையல்காரன், எது கப்பல்தலைவன் என்று தெரியாமல் ஆட்டத்துக்கு ஆட்டம் சண்டை. ஆகஸ்டில் கிளப்பின் ஆண்டுவிழா ஆட்டத்துக்குள் எல்லாவற்றுக்கும் வர்ணம் தீட்டித் தருவதாக அன்செல்மோ ஏற்றுக்கொண்டார். பல்செட் செய்யும் கூடத்தில் வேலை அவருக்கு. வாய்க்குள் போகிற பல்லுக்கு ஈறு நிறம் கலந்து பழகிய கை. பாதி முடித்திருந்தார். ஜூன் மாதம் ஒரு காலையில் வேலைக்குக் கிளம்பி, ஷூவுக்கு நாடா கட்டக் குனிந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார்.

"மிச்சத்த நான் முடிச்சுத் தாரேன்," என்றாள் நெனிட்டா.

டிண்டோ மைலீனைப் பார்த்தான். "உங்களுக்கு இது வருமாக்கா?"

"இந்த ஊரு பொம்பளைங்க நகத்துல பூ வரையறது யாருன்னு நெனச்ச?"

உண்மைதான். அழகு நிலையத்தில் அவள் நகம் தீட்டத் தொடங்கி முடியில் பாதி நரைத்துவிட்டது. கல்யாணப் பெண்களின் சுண்டுவிரல் நகத்தில் மல்லிகைக் கொடியே ஏற்றுவாள். ஆனாலும் கணவரின் பொம்மைகளை அவள் தொட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமையானால் அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவதும், சாயங்காலம் தொண்டை கட்டி, முகம் மலர்ந்து திரும்புவதும் அவளுக்குப் பிடித்ததில்லை. "நீயும் ஒருநாள் வாயேன்," என்று கூப்பிட்டபடிதான் இருந்தார். "வயசான பிள்ளைங்க கூத்துக்கு நான் எதுக்கு," என்பாள். அதையும் அவர் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வார்.

மறுநாள் வேலை முடிந்து வந்ததும் மேசை விளக்கைப் போட்டு உட்கார்ந்தாள். அவர் முடித்த உருவங்களை முதலில் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். ஏதாவது ஒன்றுக்குத் தன் முகச்சாயல் கொடுத்திருக்கிறாரோ என்று தேடினாள். இல்லை. சமையல்காரனுக்கு டிண்டோவின் தொந்தியும் மூக்கும் இருந்தன. வைத்தியச்சிக்கு மைலீனின் குட்டை முடி. கப்பல்தலைவன் யாரோ வெயிலில் காய்ந்த கிழவன். தனக்கு அதில் இடமில்லாதது அவளுக்கு லேசாக வலித்தது. பிறகு, அங்கே போகாதவளை எப்படி வரைவார் என்றும் தோன்றியது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. அவர் தீட்டிய கண்கள் எல்லாமே கொஞ்சம் இடதுபக்கம் பார்த்தன. உருவத்தைப் பிடிக்கும் கோணம் அப்படி. கூட வாழ்ந்த காலமெல்லாம் தெரியாத ஒரு பழக்கம் அது. அவள் விளக்கடியில் ஒவ்வொரு முகமாகத் திருப்பி, அந்த இடதுபக்கப் பார்வைக்கு நேராகத் தன் முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மிச்சமிருந்தவை பெரும்பாலும் பூதங்கள். கறுப்பு அடிப்பூச்சு அவரே கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அவள் அதன்மேல் பாசி நிறம் ஏற்றினாள், செதிலுக்கு வெள்ளி கொடுத்தாள், வாய்க்குள் சிவப்பு வைத்தாள். நகத்தைவிட இது கடினம். நகம் வழவழப்பு; இதில் மேடு பள்ளம். முதல் பூதம் சேறாகிப்போனது. மூன்றாவதில் கை பிடிபட்டது. அந்த மேசையில் உட்கார்ந்திருக்கிற நேரத்தில் மட்டும் வீடு அவ்வளவு வெறிச்சென்று இல்லை. சீக்கிரம் முடிந்துவிடக் கூடாதே என்று ஒரு செதிலுக்கு இரண்டு தரம் தீட்டினாள்.

விழாவுக்கு முந்தின வாரம் டிண்டோ வந்து பார்த்தான். குனிந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "எது அண்ணன், எது நீங்கன்னே தெரியலக்கா," என்றான்.

"பொய் சொல்லாத. காப்பிக்கடைக்காரன் வாயி."

"சத்தியமாக்கா. இந்தப் பூதத்தப் பார்த்தா எங்க வீட்டுக்காரி கோவமா இருக்கற மாதிரியே இருக்கு." பிறகு அலமாரியிலிருந்த ஸ்ப்ரே டப்பாவைக் காட்டினான். "மேல வார்னிஷ் அடிக்கணும். இல்லன்னா கை பட்டுப் பட்டு வர்ணம் போயிரும். வெள்ளிக்கிழமை நான் வந்து அடிச்சிடறேன். நீங்க சிரமப்படாதீங்க."

அவன் போன பிறகு வைத்தியச்சியை எடுத்துப் பார்த்தவளுக்குத் திக்கென்றது. உச்சந்தலையில் வர்ணம் தேய்ந்து அடியிலிருந்த சாம்பல் பிளாஸ்டிக் தெரிந்தது. இத்தனை நாளும் பார்த்துப் பார்த்துத் திருப்பியது அவளுடைய கட்டைவிரல்தான். அவர் கை வைத்த இடத்தைத் தன் கையாலேயே அழித்திருக்கிறோம் என்று நினைத்ததும் அவளுக்கு வெள்ளிக்கிழமைவரை பொறுக்கவில்லை. நகத்துக்கும் கடைசியில் மேல்பூச்சு உண்டு. அது அவள் தினமும் செய்கிற வேலை. இதில் என்ன பெரிய வித்தை.

வியாழக்கிழமை விடுமுறை எடுத்தாள். காலையிலிருந்து மழை விட்டு விட்டுப் பெய்தது. மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்கி, எதிர்வீட்டுக் கூரைகூடத் தெரியவில்லை. ஸ்ப்ரே நெடி வீட்டுக்குள் வேண்டாமென்று பின்பக்கத் தாழ்வாரத்தில் அட்டை விரித்து, எல்லா உருவங்களையும் வரிசையாக நிறுத்தினாள். கணவர் செய்ததும் தான் செய்ததும் கலந்து நின்றன. டப்பாவைக் குலுக்கி, சீராக, ஒரு மூலை விடாமல் அடித்தாள். காயட்டும் என்று உள்ளே போய் அரிசி களைந்து வைத்துவிட்டு வந்தாள்.

எல்லாம் வெளுத்துப்போயிருந்தன.

முதலில் பனித்துளி என்று நினைத்தாள். துணியால் ஒற்றினாள். போகவில்லை. ஊதினாள். கப்பல்தலைவனின் முகம் பால் ஏடு படிந்ததுபோல இருந்தது. கண் இருந்த இடத்தில் மங்கலாக ஒரு நிழல். வைத்தியச்சி, சமையல்காரன், பூதங்கள், எல்லாமே அப்படித்தான். அவள் ஓடிப்போய்த் தன் வேலைப்பெட்டியிலிருந்து நெயில் பாலிஷ் ரிமூவரை எடுத்துவந்தாள். நல்லவேளை, தான் தீட்டிய பூதம் ஒன்றில்தான் முதலில் வைத்துப் பார்த்தாள். வெள்ளைப் படலத்தோடு வர்ணமும் வந்தது, பஞ்சில் பிளாஸ்டிக்கும் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு வந்தது. புட்டியை மூடினாள். ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். உள்ளே சோறு அடிப்பிடித்து வாடை வந்தபோதுகூட எழுந்திருக்கவில்லை.

டிண்டோவை எப்போது கூப்பிட்டாள், என்ன சொன்னாள் என்று பிறகு அவளுக்கு நினைவில்லை. அவன் கடையைப் பூட்டிவிட்டு மைலீனையும் அழைத்துக்கொண்டு வந்தான். தாழ்வாரத்தைப் பார்த்ததும் மைலீன் வாயைப் பொத்திக்கொண்டாள். டிண்டோ ஒரு உருவத்தை எடுத்து விளக்கருகே பிடித்தான்.

"ஈரக் காத்துல அடிச்சா இப்படித்தான்க்கா பூத்துப்போகும். நானும் ஒரு தடவ பட்டிருக்கேன். உங்ககிட்ட நான் சொல்லியிருக்கணும்."

"நீ வரேன்னுதான சொன்ன. நான்தான் கேக்கல," என்றாள் நெனிட்டா. "அவரு கையால செஞ்ச கடைசி வேலைடா. நானே சுண்ணாம்பு அடிச்சுட்டேன்."

டிண்டோ கொண்டுவந்திருந்த பளபளப்பு வார்னிஷை, உருவங்களை உள்ளே எடுத்துவந்து ஜன்னலைச் சாத்திவிட்டு, மூன்று பேருமாகத் தூரிகையால் ஒவ்வொன்றின்மேலும் பூசினார்கள். புது வார்னிஷின் ஈரம் பட்டால் வெள்ளை கரையும் என்றான். கரைந்தது. சமையல்காரனின் தொந்தி திரும்பி வந்தது. பூதங்களின் சிவப்பு வாய் தெரிந்தது. மைலீன் தன் வைத்தியச்சியைப் பிடித்துக்கொண்டு மூச்சுவிடாமல் பூசினாள். அவளும் முக்கால்வாசி தெளிந்தாள். கப்பல்தலைவன் மட்டும் தெளியவில்லை. அவன்மேல் ஸ்ப்ரே கனமாக விழுந்திருந்தது. இரண்டு பூச்சுக்குப் பிறகும் முகம் வெளுத்தே நின்றது.

"இதச் சுரண்டிட்டுப் புதுசாத் தீட்டிடலாம்க்கா," என்றான் டிண்டோ மெதுவாக. "நீங்களே தீட்டுங்க. உங்க கைக்கு நல்லா வரும்."

"வேணாம்."

"முகமே தெரியலையேக்கா."

"அதுக்குக் கீழ அவரு வரைஞ்ச கண்ணு இருக்கு. சுரண்டினா அதுவும் போயிரும்." அவள் உருவத்தை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "தெரியாட்டிப் போகுது. இருக்கட்டும்."

ஆண்டுவிழா ஞாயிற்றுக்கிழமை அன்று அவளே பெட்டியைச் சுமந்துகொண்டு காப்பிக்கடை மாடி ஏறினாள். முதல் தடவையாக. கிளப்பில் எல்லாரும் எழுந்து நின்றார்கள். உருவங்களைக் கையில் வாங்கிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்றார்கள். வெளுப்பைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. உருகிப்போன பூதத்தைக்கூட, "இதான் நெசமாவே பயமா இருக்கு," என்று ஒரு பெரியவர் நடுவில் எடுத்து வைத்தார். ஆனால் ஆட்டத்துக்கு ஆள் பிரித்தபோது கப்பல்தலைவனை ஒருவரும் எடுக்கவில்லை. அவனைப் பலகைக்கு வெளியே, படத்துக்கு முன்னால் வைத்த மெழுகுவர்த்திபோலத் தனியே நிறுத்தினார்கள்.

அவர்கள் மரியாதையாகத்தான் செய்தார்கள். நெனிட்டாவுக்கு அது பொறுக்கவில்லை.

"ஆடறதுக்குத்தான அவரு தீட்டினாரு," என்றாள். "எடுங்க யாராவது."

யாரும் கை நீட்டாததால் அவளே எடுத்தாள். ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். விதிகள் ஒன்றும் தெரியாது. மைலீன் பக்கத்தில் சாய்ந்து காதோடு சொல்லிக்கொடுத்தாள். பகடையை உருட்டச் சொன்னபோது உருட்டினாள், நகர்த்தச் சொன்னபோது நகர்த்தினாள். கப்பல் ஓட்டை விழுந்து, பூதங்கள் ஒவ்வொன்றாக மேல்தளம் ஏறின. "தலைவரே, ஏதாவது செய்யுங்க," என்று டிண்டோ அவளைப் பார்த்துக் கத்தினான். அவள் தப்பான பக்கம் திருப்பிவிட்டாள். கப்பல் மூழ்கியது. எல்லாரும் சிரித்தார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே அது அழுகையாக மாறியது. மைலீன் மேசைக்கடியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பெட்டியில் அடுக்கும்போது டிண்டோ கேட்டான். "ஒண்ணு ரெண்ட வீட்டுல வச்சுக்கிறீங்களாக்கா?"

வேண்டும்போலத்தான் இருந்தது. "உங்களுக்குன்னு செஞ்சாரு," என்றாள்.

அடுத்த ஆட்டத்துக்கு இருக்கச் சொன்னார்கள். நாளை காலையில் வேலை என்று சொல்லிவிட்டு எழுந்தாள். படியில் பாதி இறங்கியபோது மேலே யாரோ ஏதோ சொல்ல, எல்லாரும் ஒரேயடியாகச் சிரிக்கிற சத்தம் கேட்டது. இத்தனை ஞாயிறும் அவர் இதற்குள்தான் இருந்திருக்கிறார். நெனிட்டா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, அந்தச் சிரிப்பு அடங்கும்வரை இருட்டுப் படியில் நின்றாள். பிறகு குடையை விரித்து, ஜீப்னி வண்டி வருகிறதா என்று பார்க்கத் தெருவுக்கு இறங்கினாள்.