முதற்பெயர் யோகலிங்கம்

பட்டம் எடுத்துவிட்டு அரசாங்க நியமனம் எப்போது வருமென்று வாய் பார்த்துக்கொண்டிருந்த இருபத்துமூன்று பிள்ளைகளைக் கூட்டிவைத்து, கிளிநொச்சியில் இரண்டு நாள் செயலமர்வு நடத்தினார்கள். லிங்க்டின் என்ற இணையப் பக்கத்தில் தங்களைப் பற்றி எழுதிப் போட்டால் கொம்பனிக்காரர் தேடி வருவார்களாம். வகுப்பெடுக்கக் கொழும்பிலிருந்து வந்தவன் நிருஷன். நல்ல பிள்ளைதான், ஆனால் ஒரு வசனத்தை முடிப்பதற்குள் மூன்று தரம் தன் போனைப் பார்ப்பான்.

"உங்களைப் பற்றிப் பெருமையா எழுதுங்கோ. வெக்கப்படாதேங்கோ" என்றான். பிறந்த நாள் தொட்டு அடக்கமாக இரு என்று சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். சிரித்த முகத்தோடு ஒரு படம் போட வேண்டும், பெயரைச் சான்றிதழில் உள்ளபடி எழுத வேண்டும், தொலைபேசி இலக்கம் கட்டாயம் என்று சொல்லிவிட்டு அவன் தன் கதிரையில் போய் இருந்துகொண்டான்.

படத்திலேயே அவன் சொல் எடுபடவில்லை. ஸ்கந்தபுரத்திலிருந்து வந்த கௌசலா முதல்நாளே தாயிடம் கேட்டிருந்தாள். "குமர்ப்பிள்ளையின்ர முகத்தை ஏன் உலகத்துக்குக் காட்ட வேணும்?" என்று விமலேஸ்வரி ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். அதனால் கௌசலா ஒரு செவ்வரத்தம்பூவைப் போட்டாள். மற்ற வீடுகளிலும் இதே கதைதான். பதினான்கு பெண்பிள்ளைகளில் பதினொரு பேர் பூப் போட்டார்கள், ஒருத்தி அம்மாளாச்சியைப் போட்டாள்.

பெயர் விஷயம் அதைவிட மோசம். இங்கே பிள்ளையின் பெயருக்கு முன்னால் தகப்பன் பெயர் நிற்கும். அடையாள அட்டையிலும் அப்படித்தான், பட்டச் சான்றிதழிலும் அப்படித்தான். முதற்பெயர் என்று கேட்ட பெட்டிக்குள் எல்லாரும் சான்றிதழைப் பார்த்து முதலில் இருந்த பெயரை எழுதினார்கள். நிருஷன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அன்று பின்னேரம் அந்த மண்டபத்திலிருந்து இருபத்துமூன்று அப்பாமார் வேலை தேடிப் புறப்பட்டார்கள்.

மூன்றாம் நாள் கௌசலாவின் போனில் ஒரு செய்தி வந்தது. வணக்கம் யோகலிங்கம், இந்தக் கிழமை ஒன்பது பேர் உங்கள் பக்கத்தைப் பார்த்திருக்கிறார்கள் என்றிருந்தது. வாசித்ததும் சிரிப்பு வந்தது. இரண்டாம் தரம் வாசித்தபோது அப்பாவின் பெயரிலேயே கண் நின்றது.

யோகலிங்கம் போய்ப் பதினாறு வருசம். சண்டை முடிந்த அந்த வைகாசியில் வட்டுவாகல் பாலத்தைத் தாண்டி வந்தபோது, விசாரித்துவிட்டு விடுவோம் என்று சொல்லி ஆமிக்காரரால் பஸ்ஸில் ஏற்றப்பட்டவர். கௌசலாவுக்கு அப்போது பத்து வயது. அதன்பிறகு விமலேஸ்வரி ஏறாத படி இல்லை. எந்த ஆணைக்குழு வந்தாலும் படத்தைக் கொண்டுபோய்க் காட்டினாள், கேட்ட கேள்விக்கெல்லாம் மறுமொழி சொன்னாள். மரணச் சான்றிதழ் தருகிறோம் என்றவர்களை மட்டும் ஏசிக் கலைத்தாள். நெற்றியில் குங்குமம் அழியவில்லை. அவர் இறந்திருக்கலாம் என்ற கதையை அந்த வீட்டுக்குள் எவரும் வாய் திறந்து கதைத்ததில்லை. கௌசலாவும் கதைத்ததில்லை.

பெயரை மாற்ற இரண்டு நிமிடம் போதும். ஒவ்வொரு நாளும் மாற்றத்தான் நினைத்தாள், கை வரவில்லை. ஊரில் எவரும் அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எத்தனையோ காலம். இந்தப் பக்கம் மட்டும் கிழமைக்குக் கிழமை வணக்கம் யோகலிங்கம் என்று உயிரோடு இருக்கிற மனிசனைக் கூப்பிடுகிறமாதிரிக் கூப்பிட்டது. அதற்கு ஆசைப்பட்டுவிட்டாள், அவ்வளவுதான். தாயிடம் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தப் பக்கத்தில் யோகலிங்கம் கே. என்று சுருங்கித் தெரிந்த பெயரோடுதான் வவுனியாவில் ஒரு விதைநெல் கொம்பனிக்கும் விண்ணப்பம் போட்டாள். வெளிக்கள உத்தியோகம். அவள் படித்தது விவசாயம், வளர்ந்தது வயலுக்குள், அவளுக்கென்றே செய்து வைத்ததுபோல ஒரு வேலை. பட்டம் முடித்து ஒன்றரை வருசமாக அவள் பார்த்த விளம்பரங்களில் இப்படி ஒன்று வந்ததே இல்லை. தெரிவானவர்களுக்குத் தொலைபேசியில் சொல்வார்கள் என்று போட்டிருந்தார்கள்.

அவளுடைய போனோ பற்றறி செத்தது, சாஜரில் கொழுவியிருந்தால்தான் உயிரோடு இருக்கும். நாலு வீடு தள்ளிப் பின்னேரத்தில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ரியூசன் சொல்லிக்கொடுக்கப் போகும்போது அதை வீட்டில் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

"அம்மா, வவுனியாவில இருந்து கோல் வரும். வந்தா எடுத்து, ஆறு மணிக்குப் பிறகு எடுக்கச் சொல்லுங்கோ" என்று தாயிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

"ஓம் ஓம், எனக்கென்ன கதைக்கத் தெரியாதே?"

வியாழக்கிழமை ரியூசன் முடிந்து படலையைத் திறந்தபோது குசினியிலிருந்து தாயின் குரல் கேட்டது. அப்படியொரு குரலைக் கௌசலா முன்னர் கேட்டதில்லை. சின்னப்பிள்ளையின் குரல்போல மெலிந்து நடுங்கியது.

"ஓம் ஐயா, யோகலிங்கத்தின்ர வீடுதான். நான் அவற்ற மனிசி. நீங்கள் எங்க இருந்து கதைக்கிறியள்? அவர் உங்களோடயோ நிக்கிறார்?"

"அவருக்குச் சீனி வருத்தம் ஐயா. குளிசை குடுக்கினமோ? போனை ஒருக்கா அவரிட்டக் குடுங்கோ. ஒரு வசனம் கதைச்சாப் போதும். வைச்சிடாதேங்கோ ஐயா, கும்பிட்டுக் கேக்கிறன்."

பாய்ந்து போய்ப் போனைப் பிடித்தாள். சாஜர் வயரின் நீளத்துக்குள் சுவரோடு சுவராக நின்ற விமலேஸ்வரி அதை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். கௌசலா ஒவ்வொரு விரலாகப் பிரித்துத்தான் வாங்க வேண்டியிருந்தது.

"ஹலோ" என்றாள்.

"தங்கச்சி, நாங்கள் விதைநெல் கொம்பனியில இருந்து எடுக்கிறம். மிஸ்டர் யோகலிங்கத்துக்குத் திங்கக்கிழமை நேர்முகப் பரீட்சை. அவர் நிக்கிறாரோ? அம்மா என்னவோ எல்லாம் கேக்கிறா, எனக்கு ஒண்டும் விளங்கேல்லை."

தாய் அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிழையான நம்பர் என்று சொல்லி வைத்துவிடலாம், வேலை போகும். உள்ளதைச் சொன்னால் ஒருவேளை வேலை நிற்கும். வேலையில்லாமல் இருந்த ஒன்றரை வருசம் கௌசலாவின் கழுத்தைப் பிடித்துத் தள்ளியது.

"யோகலிங்கம் என்ர அப்பா, சேர். பேரை மாறி எழுதிப்போட்டன். விண்ணப்பம் போட்டது நான்தான், கௌசலா."

"அப்ப அப்பா?"

"அப்பா உயிரோட இல்லை, சேர்."

சொல்லிவிட்டாள். பதினாறு வருசம் அந்த வீட்டுக்குள் வராத சொல் அது. சொன்ன பிறகுதான், தனக்கு அது எப்போதோ தெரியும் என்பதும் அவளுக்கு விளங்கியது. விமலேஸ்வரி அழவில்லை, அடிக்கவுமில்லை. மெதுவாக நிலத்தில் இருந்தாள்.

மறுபக்கத்து மனிதர் இரக்கமாகத்தான் சொன்னார். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ தங்கச்சி. படமும் இல்லை, நாங்கள் ஆம்பிளை எண்டு நினைச்சிட்டம். தனிய மோட்டார் சைக்கிள்ள காட்டுப் பக்கமெல்லாம் போற வேலை. பெண்பிள்ளையளை எடுக்கிறேல்லை. வேற ஏதும் வந்தா அறிவிக்கிறம்."

அவர் வைத்துவிட்டார். கௌசலா போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றாள். எடுத்தால் தாயைப் பார்க்க வேண்டும்.

"அம்மா, அது வேலைக்குக் கூப்பிட்ட ஆக்கள்" என்றாள் கடைசியில். "அப்பாவைப் பற்றி அவைக்கு ஒண்டும் தெரியாது. நான் பேரைப் பிழையா எழுதினதால வந்தது. அம்மா, கேக்கிறியளே?"

விமலேஸ்வரி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் கேட்டதை நம்புகிற முகமாக அது இல்லை.

"இந்தப் பதினாறு வருசத்தில நான்தான் ஒவ்வொருத்தனிட்டயும் போய் அவரைக் கேட்டனான்" என்றாள். "இண்டைக்குத்தான் ஒருத்தன் தானாக எடுத்து யோகலிங்கம் நிக்கிறாரோ எண்டு கேட்டவன். அவனிட்ட நீ செத்துப்போனார் எண்டு சொல்லிப்போட்டாய். இனி எங்களிட்ட ஆர் அவரைக் கேப்பினம், பிள்ளை?"